வயிற்றறுவைக்குப் பின் தோன்றும் குடற்புரை

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, தேயிலை மலைகளினிடையே அமைந்த ஊர் லுணுகலை. அவ்வூர்த் தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் ஒரு பெண், பெரிய மருத்துவமனையில் வயிற்றறுவை செய்துகொண்டு லயத்துக்குத் திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். நோய் தீர்ந்ததென்றே குடும்பத்தார் எண்ணுவர். பெரும்பாலும் அவ்வெண்ணம் சரியானதே. ஆயினும் மிகச் சிலருக்குத் தையலின் ஓரத்திலே ஈரம் கசிகிறது, பின்னர் அது மஞ்சளும் பச்சையும் கலந்த நீராகப் பெருகுகிறது, நாற்றமும் வீசுகிறது.

மருத்துவர் இதனைப் பிஸ்டுலா என்பர். தமிழிலே குடற்புரை எனலாம். குடலில் விழுந்த துளையிலிருந்து தோல்வரை அமைந்துவிட்ட கள்ளவழியே அது. வெளித்தோலில் திறக்கும் குடற்புரைகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, அறுவைக்குப் பின்னர்த் தோன்றுவனவாம். குடலை இணைத்த தையல் நெகிழ்தலும், ஒட்டிக்கிடந்த குடலைப் பிரிக்கையில் காயமுறுதலும் இதற்கு முக்கிய காரணங்கள்.

வெளியேறுவது வெறும் நீரன்று. உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர் முதலியன நாள்தோறும் பல லீற்றர் அளவிற் சுரந்து, பெரும்பகுதி மீண்டும் குடலால் உறிஞ்சப்படுகின்றன. அவை இடைவழியிலே ஒழுகிவிட்டால் உப்பும் ஊட்டமும் உடன் போகின்றன. உணவைச் செரிக்கும் அந்நீர் தோலையும் அரித்துவிடுகிறது. 24 மணி நேரத்தில் 500 மில்லிலீற்றருக்கு மேல் ஒழுகுவது கடும்புரை. 200 மில்லிலீற்றருக்குக் குறைவாயின் தானே மூடும் வாய்ப்பு மிகுதி.

அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து 1960-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், இந்நோயுற்ற 157 பேருள் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோர் இறந்தமை கூறப்பட்டது. உப்புநீர்க் குறைவு, ஊட்டக் குறைவு, கிருமித் தொற்று ஆகிய மூன்றுமே அவர்களை மாய்த்தன. 1968-இல் ஸ்டான்லி டட்ரிக்கும் அவர்தம் குழுவினரும், முழு உணவையும் இரத்தக்குழாய் வழியே செலுத்தி உடலை வளர்க்கலாமென நிறுவினர். அதன் பின்னர் இந்நோய்ச் சிகிச்சையே மாறிற்று.

துளையைக் கண்டதும் தைத்துவிடலாகாதா என்று உறவினர் கேட்பது இயல்பே. அழற்சியுற்ற குடல் தையலைத் தாங்காது, மீண்டும் பிளந்துவிடும். அறுவைக்குப் பிந்திய வாரங்களில் குடல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருப்பதால், அவற்றைப் பிரிக்கப் புகுந்தால் புதிய துளைகளும் விழும். ஆதலின் முதலில் சீழை வடித்துத் தொற்றை அடக்குவர், உப்பையும் நீரையும் ஈடுசெய்வர், ஊட்டமளிப்பர், பை பொருத்தித் தோலைக் காப்பர். அதன்பின் படமெடுத்துப் புரையின் வழியை அறிவர். இவ்வளவிலேயே சிலருக்குப் புரை மூடிவிடும். துளைக்கு அப்பால் அடைப்போ, புற்றுநோயோ, காசநோயோ இருப்பின் அவ்வாறு மூடுதல் அரிது.

மூடாதவர்க்கே அறுவை. பொதுவாக 3 முதல் 6 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் காத்திருப்பர். துளையுள்ள குடற்பகுதியை வெட்டி நீக்கி, நலமான இரு முனைகளையும் இணைத்து, வயிற்றுச் சுவரை மூடுவதே முறை.

இந்தக் காத்திருப்புக் காலமே கடினமானது. நாள்கூலி இழந்து, ஒற்றை அறை லயத்திலே நாற்றத்துக்கு நாணி, துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டு, ஒழுக்குக் குறையட்டுமென்று அவள் உணவையே குறைத்துவிடுவாளாயின், உடல் உருகி அறுவைக்கும் தகுதியற்றுப் போவாள். கடும்புரையுள்ளவர் வெறும் நீரை மிகுதியாகப் பருகுவதும் தவறு. அது உப்பை இன்னும் இழுத்துச் செல்லும். உணவு இன்னது, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் இவ்வளவு என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கன சில உண்டு. பையில் சேர்வதை நாள்தோறும் அளந்து எழுதி வைக்கலாம். வாரந்தோறும் எடை பார்க்கலாம். ஒருவர் உடனிருந்து உண்ணுதல் நோயாளியின் நாணத்தைப் போக்கும். காய்ச்சல், மயக்கம், சிறுநீர் குறைதல், ஒழுக்குத் திடீரெனப் பெருகுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், விடியட்டுமென்றோ சம்பள நாள் வரட்டுமென்றோ காத்திராமல், அருகிலுள்ள லுணுகலை மருத்துவமனைக்கேனும் உடனே கொண்டுசெல்லுதல் வேண்டும். அளவெழுதிய அந்தத் தாளையும், முன்பு பெற்ற மருத்துவக் குறிப்புகளையும் உடன் எடுத்துச் செல்வது நன்று.