பொறி தப்புதல்

(வாசுதேவநல்லூரில் நடைபெற்ற நம் சங்கத்துக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், மோட்டார்ப் படகின் இயந்திரம் இடையிடையே பொறி தப்பி ஓடுமாயின் அதன் காரணத்தைக் கண்டறியும் முறை யாது என்பதாம். கடலும் கழியும் இல்லாத வாசுதேவநல்லூரிலே, அதுவும் தமிழாசிரியன் ஒருவன், படகைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வியக்கக்கூடும். அவ்வியப்பை முதலில் நீக்குவோம்.

நமது ஊருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரைக் கடந்தால் தேக்கடி ஏரி. செங்கோட்டை வழியே இரயிலேறிச் சென்றால் கொல்லத்துக் கடல். தெற்கே குமரி, கிழக்கே தூத்துக்குடி. இவ்விடங்களிலெல்லாம் நம் பிள்ளைகள் சிலர் இயந்திரம் பழுது பார்க்குந் தொழிலில் அமர்ந்துள்ளனர். அன்றியும், புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களிலே மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயரும், புல்வெட்டும் கருவியும், மீனவர் வள்ளத்தின் பின்புறம் மாட்டும் சிறு எஞ்சினும் பெரும்பாலும் ஓரினத்தனவே. ஆதலின் படகைப் பற்றிச் சொல்வன தோட்டத்துக்கும் பொருந்தும்.

தமிழிலே 'பொறி' என்னும் சொல் இயந்திரத்தையும் குறிக்கும். நெருப்பின் சிறு துகளையும் குறிக்கும். கண் முதலிய புலன் கருவிகளையும் குறிக்கும். பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் ஓடும் படகு எஞ்சினைப் பொறுத்தவரை இம்மூன்று பொருளும் ஒருங்கு கூடுகின்றன. பொறியாகிய இயந்திரம், பொறியாகிய தீயினால் இயங்குகின்றது; அதன் குற்றத்தைக் காண்பதற்கு நம் ஐம்பொறிகளே முதற்கருவி.

ஜெர்மனி நாட்டில் டைம்லர் என்பாரும் மேபாக் என்பாரும் 1886-ஆம் ஆண்டில் கான்ஸ்டாட் நகரருகே நெக்கர் ஆற்றில் தம் எஞ்சின் பூட்டிய படகை ஓட்டினர். நார்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எவின்ரூட் என்பார், படகின் பின்விளிம்பில் மாட்டிக் கழற்றத்தக்க எஞ்சினை 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்நார்வே நாடு, இந்திய அரசும் ஐக்கிய நாடுகள் அவையும் உடனிருக்க 1952-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, கொல்லத்தையடுத்த நீண்டகரையில் மீன்பிடி படகுகளுக்கு எஞ்சின் பொருத்தும் பணியைத் தொடங்கியது. பின்னர் 1980-க்கு மேற்பட்ட ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் மாட்டு எஞ்சின்கள் கேரளத்திலும் குமரிக்கரையிலும் பரவலாயின. பெட்ரோலிற் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது இவற்றின் வழக்கம்.

இவ்வெஞ்சின் நன்கு ஓடுதற்கு மூன்று வேண்டும். எண்ணெயும் காற்றும் தக்க அளவிற் கலத்தல் ஒன்று. அக்கலவையைப் பிஸ்டன் இறுக அழுத்துதல் ஒன்று. உரிய கணத்தில் பிளக்கின் முனையில் தீப்பொறி பிறத்தல் ஒன்று. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தீப்பற்றவேண்டும். நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடுமாயின் ஒரு நொடிக்கு, ஒரு சிலிண்டரில், 75 முறை தீப்பற்றல் நிகழும். இவற்றுட் சில தவறுவதையே தொழிலாளர் 'மிஸ் அடிக்கிறது' என்பர். ஓசை திக்கும், படகு முன்னுக்கு இழுத்துப் பின் தளரும், புகையும் எண்ணெய்ச் செலவும் மிகும்.

நிலையாகப் பற்றிய குற்றத்தைக் காண்டல் எளிது. இடைவிட்டு வருங் குற்றமோ, மருத்துவர் வாயிலை மிதித்தவுடன் மறைந்துவிடும் முறைக்காய்ச்சல் போன்றது. கரையில் இயக்கினால் குதிரைபோல் ஓடும். கடலில் ஐந்து கல் சென்றபின் திக்கும். இத்தகைய குற்றத்துக்கு முதன் மருந்து திருப்புளியன்று; ஒரு குறிப்பேடும் பென்சிலுமே. கிளப்பிய எத்தனை நிமிடத்தில் வந்தது? சூட்டிலா, குளிரிலா? மெல்லச் செல்லும்போதா, முழு வேகத்திலா? மழையிலா, வெயிலிலா? தொட்டி நிறைந்திருந்ததா, குறைந்திருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை எழுதிய பின்னரே கருவிப்பெட்டியைத் திறத்தல் வேண்டும்.

அடுத்து எண்ணெய் வழியை ஆராய்க. தொட்டி மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருப்பின், எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் மிகுந்து எஞ்சின் பட்டினி கிடக்கும். மூடியைத் தளர்த்தியவுடன் சீராகும். எண்ணெய்க்குழாயின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ் உண்டு. திக்கும் வேளையில் அதனை அமுக்க ஓட்டம் திருந்துமாயின் குற்றம் எண்ணெய் வரும் வழியில் உளது என்று தெளியலாம். தொட்டியின் அடியிலிருந்து சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து அசையாது வைக்க. தண்ணீர் கலந்திருப்பின் அது கனத்தால் அடியில் தங்கித் தனியே தோன்றும். இச்சோதனைகளுக்குக் காசு செலவில்லை.

பின்னர்ப் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க. பிஸ்கோத்து நிறமாயின் நலம். உலர்ந்த கரியாயின் எண்ணெய் மிகுதி. மண்ணெண்ணெய் எஞ்சினில் இக்கரி விரைவிற் படியும். வெளுத்திருப்பின் எண்ணெய்க் குறைவும் மிகுசூடும். ஈரமாயிருப்பின் அச்சிலிண்டரில் தீப்பற்றவில்லை என்பது பொருள். அதன்மேல் காயில், அதிலிருந்து பிளக்குக்கு வரும் தடித்த கம்பி, எஞ்சினை நிறுத்தும் விசையின் கம்பி, துருவேறிய எர்த் முடிச்சு இவற்றை ஆராய்க. இறுதியாக, அழுத்தமானியை வைத்து இரு சிலிண்டரின் அழுத்தமும் ஒத்துள்ளனவா என்று காண்க. எளியதும் செலவற்றதும் முன்; அரியதும் செலவுடையதும் பின். இதுவே வரிசை.

இனி இம்முறையின் உயிரைச் சொல்வோம். நம் முன்னோர் அளவை நூலில், காட்சி என்றும் கருதல் என்றும் அறிவை வகுத்தனர். மணிமேகலையின் 29-ஆம் காதை, ஏதுவும் எடுத்துக்காட்டும் எவ்வாறு குற்றமற அமையவேண்டும் என்பதையே விரித்துரைக்கின்றது. ஒன்று உள்ளவிடத்து மற்றொன்று உண்டாதலும், அஃது இல்லாதவிடத்து இல்லையாதலும் ஆகிய இரண்டையும் காட்டினாலன்றி, இதுவே காரணம் என்று துணிதல் கூடாது. பிளக்கை மாற்றியபின் எஞ்சின் ஒருநாள் நன்றாக ஓடிற்று என்பதனால் பிளக்கே குற்றவாளி என்பது பாதி வழக்கு. பழைய பிளக்கை மீண்டும் பூட்டியபோது குற்றம் மீண்டும் வந்ததா என்பதே மறுபாதி. இடைவிட்ட நோய்க்கு இம்மறுபாதி இன்றியமையாதது. ஏனெனில், அது தானே மறைவது. மறைந்த வேளையிற் செய்த செயலுக்கெல்லாம் நாம் புகழைக் கொடுத்துவிடுகின்றோம்.

யாம் நேரிற் கண்டதொன்றை உரைப்போம். சென்ற கோடை விடுமுறையில் குமரிக்கரை ஊரொன்றில், நம் சங்கத்துக் குடும்பத்து இளைஞர் ஒருவர் வேலை பார்க்கும் பட்டறைக்குச் சென்றிருந்தோம். இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று அங்கு வந்தது. வேறோரிடத்தில் இருமுறை பழுது பார்த்து, பிளக்குகளும் கார்புரேட்டர் உறுப்புகளும் புதியன பூட்டி, வள்ளக்காரர் பெருந்தொகை செலவழித்தும் குற்றம் தீர்ந்தபாடில்லை. கரையில் ஓடும், அலைவாய் கடந்து முழுவேகம் கொடுத்த அரைமணியில் திக்கும். "தம்பி, இதைக் கழித்துப் போட்டு வேறு வாங்கச் சொல்கிறார்கள், அதற்கு மனைவி கழுத்தில் கிடப்பதுதான் மிச்சம்" என்றார் அவர். "அண்ணாச்சி, இரண்டு நாள் பொறுங்கள்" என்றார் நம் இளைஞர்.

மறுநாள் அவரும் படகிற் சென்றார். திக்கியபோது குமிழை அமுக்கினார், மாற்றமில்லை. மூடியைத் தளர்த்தினார்; மாற்றமில்லை. எண்ணெய் வழி நீங்கியது. கரைக்கு வந்து பிளக்குகளைக் கழற்றினார். மேற்சிலிண்டரின் பிளக் நன்னிறம்; கீழ்ச்சிலிண்டரின் பிளக் ஈரம். இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டி மீண்டும் சென்றார். கீழ்ச்சிலிண்டரே தவறியது, ஆகவே பிளக் நிரபராதி. அவ்வியந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயிலும் கம்பியும் உண்டு. அவற்றை இடம் மாற்றினார். இப்போது குற்றம் கீழிருந்து மேற்சிலிண்டருக்கு ஏறியது! கள்வன் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போனதைக் கண்டவர்க்கு, அவன் யாரென்று ஐயமுண்டோ? காயிலும் கம்பியுமாகிய அத்தொகுதியிலேயே குற்றம் உளதென்று தேறியது.

அன்று இருட்டிய பின், எண்ணெய்க்கலங்களைத் தொலைவில் அகற்றிவிட்டு, படகைத் துறையிற் கட்டியபடியே எஞ்சினை ஓட்டி, கம்பியின்மீது உப்புநீரைப் பனிபோல் தெளித்தார். பிடிப்பு வளையத்தின் அடியில் நீலப்பொறி மின்னிற்று. அவ்விடத்துக் கம்பியின் உறை அதிர்ச்சியால் உராய்ந்து மயிரிழை வெடித்திருந்தது. வேகம் மிகும்போது சிலிண்டருள் அழுத்தம் மிகும். அழுத்தம் மிகுந்தால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுதற்கு மின்விசையும் மிகுதியாக வேண்டும். அவ்விசை, உப்பீரம் படிந்த அவ்வெடிப்பின் வழியே எளிதாக வெளியேறிவிட்டது. கரையில் உலர்ந்திருந்து மெல்ல ஓடியபோது அது தோன்றாமையின் காரணம் இதுவே. கம்பியை மாற்றி, வளையத்துக்கடியில் ரப்பர் வைத்துப் பூட்டினார். பழைய காயிலை அப்படியே விட்டார். பின்னர் மூன்று நாள் முழுவேகத்தில் ஓட்டியும் குற்றம் வரவில்லை. பழைய கம்பியை மீண்டும் பூட்டிக் குற்றம் திரும்புவதையும் ஒருமுறை காட்டினார். வழக்கு முடிந்தது, நகையும் தப்பியது.

அன்பர்களே! இதிலே எமக்குத் தோன்றியன இரண்டு. ஒன்று, காரணம் அறியாது உறுப்புகளை மாற்றுகின்றவன், தன் அறியாமையின் விலையை ஏழையின் மடியிலிருந்து எடுக்கின்றான் என்பது. கடலிலோ அவ்விலை பணத்தோடு நில்லாது. காற்று எழும்பும் வேளையில் எஞ்சின் நின்ற வள்ளம் முகப்பை அலைக்கு நேரே நிறுத்தவியலாது பக்கவாட்டிற் புரளும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கரையில் எத்தனை வீடுகளை இருளச் செய்தது என்பதை நாம் மறந்திலோம். அக்கரையில் எஞ்சின் செப்பனிடுபவன் கையில் மனித உயிர்கள் இருக்கின்றன.

மற்றொன்று, நம் பெற்றோர் சிலர், 'கையில் கிரீஸ் படும் வேலை' என்று இத்தொழிலை இழிவாக எண்ணுவது. யாம் 20 ஆண்டுக்கு மேலாக இலக்கணம் கற்பிக்கின்றோம். ஏதுவும் துணிபும் இன்னவென்று எம் மாணவர் ஒப்புவிப்பர். அவ்விளைஞரோ அவற்றைச் செய்து காட்டினார். ஏட்டிற் கற்றது கையில் விளங்குமிடத்தே கல்வி நிறைவுறுகின்றது. பட்டப்படிப்புக்கு மாப்பிள்ளைக் கணக்குப் பார்க்கும் நாம், தொழிற்பயிற்சி பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்த்துதல் முறையன்று.

ஆகவே இக்கூட்டத்தின்முன் இரண்டு வேண்டுகோள் வைக்கின்றோம். நம் சங்கத்துக் கல்வி உதவித்தொகை கல்லூரி மாணவர்க்கு வழங்கப்பெறுவதுபோல், ஐ.டி.ஐ. முதலிய தொழிற்பயிற்சி நிலையங்களிற் பயிலும் பிள்ளைகளுக்கும் வழங்கப்பெறுதல் வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிலறிந்த நம் இளைஞர் ஒருவர் சங்கக் கட்டிடத்தில் பழைய ஸ்பிரேயர் எஞ்சின் ஒன்றைப் பிரித்துக் காட்டி, சிறுவர் சிறுமியர்க்கு இவ்வாராய்ச்சி முறையைக் கற்பிக்கவும் வேண்டும். குறிப்பேடு வாங்கும் செலவை யாம் ஏற்றுக்கொள்கின்றோம். இவ்விரண்டையும் தலைவரவர்கள் இன்றே அவையின் முடிவுக்கு விடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.