என், தன், நம்: உடைமைச் சொற்களில் லத்தீனும் தமிழும்



லத்தீன் வழிவந்த மொழிகளின் உடைமைச் சொற்களை ஆராயும் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பை எனக்கு அளித்தீர்கள். இதை வடசென்னையில் நடத்துவது மிகவும் பொருத்தம். இங்கிருந்து வடக்கே பழவேற்காட்டிலும் தெற்கே சாந்தோமிலும் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் குடியேறினார்கள். இராயபுரத்தில் படகுத் தொழிலாளர் எழுப்பிய இராயப்பர் கோயிலில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு இடம் தரும்வரை லத்தீனில்தான் பூசை நடந்தது. இங்குள்ள சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் ஒலிக்கும் 'ஏலம்' போர்த்துகீசியச் சொல். சாவி, மேசை, அலமாரி, ஜன்னல், பீப்பாய் எல்லாம் அவ்வாறு வந்தவையே. ஆனால் 'என்', 'உன்', 'தன்' என்பவற்றின் இடத்தில் ஒரு போர்த்துகீசியச் சொல்கூட வந்து அமரவில்லை. பொருளோடு பொருளின் பெயரும் கப்பலேறி வரும். அந்தப் பொருள் யாருடையது என்று சொல்லும் சொல்லை எந்த மொழியும் எளிதில் கடன் வாங்காது. அதனால்தான் ஒரு மொழியின் உள்ளமைப்பை அறிய உடைமைச் சொல் நல்ல வாயிலாகிறது.

லத்தீனில் அடிப்படை ஐந்து: மேயுஸ், தூவுஸ், சூவுஸ், நோஸ்தெர், வெஸ்தெர். இவையே போர்த்துகீசியத்தில் மேவு, தேவு, சேவு, நோசு, வோசு என்றாயின. பிரெஞ்சில் அழுத்தமின்றி ஒலித்த வடிவங்கள் தேய்ந்து மொன், தொன், சொன் ஆயின. 'அவர்களுடைய' என்பதற்குப் பிரெஞ்சில் உள்ள 'லேர்', இத்தாலியத்தில் உள்ள 'லோரோ' ஆகியவற்றின் பிறப்பு வேறு. 'அவர்களின்' என்று பொருள்படும் 'இல்லோரும்' என்ற லத்தீன் வேற்றுமை வடிவமே அவற்றின் தாய்.

இந்த மொழிகளில் உடைமைச் சொல் உடையவரின் பாலைப் பார்ப்பதில்லை, உடைமையின் பாலையும் எண்ணையும் பார்க்கிறது. கை பிரெஞ்சில் பெண்பால். ஆகவே 'என்' என்பது ஒரு கை என்றால் 'மா', பல கைகள் என்றால் 'மே'. இதைப் படிக்கும் தமிழ் மாணவர் இது நமக்குப் புதிது என்று நினைப்பார். நன்னூலைத் திறந்து பார்க்கட்டும். ஆறாம் வேற்றுமைக்கு அது, ஆது, அ என்று மூன்று உருபுகள். முதல் இரண்டும் உடைமை ஒருமையாக இருந்தால், மூன்றாவது பன்மையாக இருந்தால். எனது கை, எனாது கை, என கைகள். பால் பார்க்கும் வழக்கம் இங்கில்லை என்றாலும், உடைமையின் எண்ணைப் பார்க்கும் வழக்கம் தமிழிலும் இருந்தது. இன்று 'எனது கைகள்' என்று எழுதி அந்த இயைபை விட்டுவிட்டோம், பிரெஞ்சுக்காரர் விடவில்லை.

உறவுப் பெயர்களில் இந்த ஒப்புமை இன்னும் வியப்பானது. இத்தாலியர் 'என் புத்தகம்' என்பதற்கு முன்னால் சார்படை (article) ஒன்றைச் சேர்ப்பார்கள். 'என் அப்பா' என்றால் சேர்ப்பதில்லை. நாப்போலி வட்டார வழக்கில் உடைமைச் சொல் உறவுப் பெயரின் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது: 'பாத்தெமோ' என் தந்தை, 'பாத்தெத்தோ' உன் தந்தை. சங்கத் தமிழில் அது முன்னால் ஒட்டியது: எந்தை, நுந்தை, தந்தை. தாய்க்கும் அப்படியே: யாய், ஞாய், தாய். 'தந்தை' என்னும் சொல்லுக்குள் ஒரு 'தன்' இருப்பதை இன்று நாம் உணர்வதே இல்லை. உறுப்பையும் உறவையும் மற்ற உடைமைகளிலிருந்து மொழி பிரித்தே வைக்கிறது. தற்கிழமை, பிறிதின் கிழமை என்று பகுத்த நம் இலக்கண ஆசிரியர்கள் இத்தகைய வேறுபாட்டை நெடுங்காலம் முன்பே எண்ணியவர்கள்.

'தன்' என்ற சொல்லுக்கு வருவோம். 'முருகன் தன் மகனை அழைத்தான்', 'முருகன் அவன் மகனை அழைத்தான்'. முதல் தொடரில் ஐயமில்லை; இரண்டாவது வேறொருவன் மகனைச் சுட்டக்கூடும். லத்தீனும் முதலாவதற்குச் சூவுஸ், இரண்டாவதற்கு ஏயுஸ் என்று பிரித்தது. அதன் வழிவந்த பெரும்பாலான மொழிகள் இந்தப் பிரிவை இழந்துவிட்டன. மேலும், போர்த்துகீசியச் 'சேவு', மரியாதையாக விளிக்கும்போது முன்னிலைக்கும் வந்து 'உங்களுடைய' என்றாயிற்று. குழப்பத்தைத் தவிர்க்க, 'அவனுடைய' என்பதற்குத் 'தேலே' என்று தனியாகச் சொல்லும் பழக்கம் பரவியது. தமிழும் இதே வழியில் நடந்திருக்கிறது. 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று எழுதுகிறோமே, அந்தத் 'தங்கள்' படர்க்கைக்குரிய 'தம்' என்பதன் வழிவந்தது. மரியாதை அதை முன்னிலைக்குக் கொண்டுவந்தது.

'நோஸ்தெர்' கதை வேறு. நாம், நாங்கள் என்ற வேறுபாடு லத்தீனுக்குத் தெரியாது. அதைத் தாய்மொழியில் அறியாத பாதிரியார்கள் தமிழில் செபம் சொல்லித்தர வேண்டியிருந்தது. கடவுளை நோக்கி வேண்டும்போது 'எங்கள் தந்தையே' என்றுதான் சொல்லலாம்; 'நம் தந்தையே' என்றால் கேட்பவரையும் பிள்ளைகளின் வரிசையில் நிறுத்திவிடும். ஆனால் கோயிலில் மக்களுக்குப் பிரசங்கம் செய்பவர் 'நம் ஆண்டவர்' என்கிறார். லத்தீனில் ஒன்றாக இருப்பது தமிழில் இரண்டாகப் பிரிய வேண்டும். அந்தப் பாதிரியார்களில் ஒருவரான என்றீக்கு என்றீக்கசு 1549 அளவில் போர்த்துகீசியத்தில் தமிழ் இலக்கணம் எழுதினார். 1578இல் அவர் கொல்லத்தில் அச்சிட்ட நூல் 'தம்பிரான் வணக்கம்'. அந்தத் தலைப்பே 'தம்' என்றுதான் தொடங்குகிறது. தம்பிரான் தோழர் என்று போற்றப்படும் சுந்தரர் சங்கிலியாரை மணந்த, இங்கு அருகிலுள்ள திருவொற்றியூர் மக்களுக்கு அந்தச் சொல்லை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பின்னர் சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரிலிருந்து வெளியிட்ட இலக்கணமும், வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் லத்தீனிலேயே எழுதப்பட்டன. இரு மரபுகளும் நேருக்கு நேர் சந்தித்த இடங்கள் இவை.

சந்திப்பின் விளைவைக் காண மட்டக்களப்புக்குப் போக வேண்டும். போர்த்துகீசியர் 1658இல் இலங்கையை இழந்தனர். ஆனால் அங்குள்ள பறங்கியர் சமூகத்தில் போர்த்துகீசியத்திலிருந்து பிறந்த ஒரு கலப்பு மொழி இன்றும் பேசப்படுகிறது. போர்த்துகீசியர் வீட்டை முதலில் சொல்லி, உடையவரைப் பிறகு சொல்வார்கள். மட்டக்களப்பில் உடையவர் முதலில் வருகிறார், அவர் பெயரின் பின்னால் 'சு' என்ற ஒட்டு சேர்கிறது, வீடு கடைசியில். 'பேதுருவோட வீடு' என்று நாம் சொல்லும் அதே வரிசை. அந்தச் 'சு', போர்த்துகீசியச் சேவு, சுவா என்பவற்றிலிருந்து வந்தது. அதாவது லத்தீன் சூவுஸின் வழித்தோன்றல். உரோமிலிருந்து வந்த உடைமைச் சொல் தமிழர் நடுவில் வாழ்ந்து வேற்றுமை உருபாகவே மாறிவிட்டது. சொல் அவர்களுடையது, இலக்கணம் நம்முடையது.

ஆகவே என் முடிவு இது. லத்தீன் வழி மொழிகளை ஐரோப்பிய நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு படிப்பது நமக்குப் போதாது. தொல்காப்பியமும் நன்னூலும் கையில் இருந்தால் அவற்றின் வரலாறு இன்னும் தெளிவாகத் துலங்கும். நம் இலக்கணமும் புது வெளிச்சம் பெறும். இளைய ஆய்வாளர்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். தமிழ் முதுகலை மாணவர்கள் லத்தீனோ போர்த்துகீசியமோ ஓரளவேனும் கற்று, பாதிரியார்களின் இலக்கணங்களை மூலத்திலேயே படியுங்கள். மட்டக்களப்புக் கலப்பு மொழியைப் பேசும் முதியவர்கள் இருக்கும்போதே நேரில் சென்று அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் மறைந்தால் அந்தச் சான்று மீண்டும் கிடைக்காது.

இவ்வளவில் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.