பூங்காவின் சாவி யாரிடம் இருக்கிறது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். மிச்ச நேரத்தில் பூங்காவைப் பற்றிப் பேசலாம் என்று சொன்னதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. "பூங்கா டவுன்காரங்க சமாச்சாரம், நமக்கு வயக்காடே பூங்காதான்"னு ஒரு அக்கா சொன்னாங்க. நல்லாத்தான் சொன்னாங்க. ஆனால் வயக்காட்டுக்கு நாம் போவது வேலைக்கு. குனிந்த முதுகு நிமிராமல் களை எடுத்துவிட்டு வருகிறோம். கையை வீசி நடக்க, பிள்ளையை ஊஞ்சலில் வைத்து ஆட்ட, நாலு பேரோடு உட்கார்ந்து மனசு விட்டுப் பேச நமக்கென்று ஒரு இடம் ஊரில் எங்கே இருக்கிறது? ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கு, ஆலமரத்து மேடை இருக்கு. நமக்குக் குழாயடி இருந்தது. வீட்டுக்கு வீடு குழாய் வந்ததில் அதுவும் போச்சு.

கொரோனா வந்து போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி கொரோனா அவசர நிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. ஆனால் நம் ஊராட்சிகள் சிலவற்றில் 2020-இல் பூங்காவுக்குப் போட்ட பூட்டு, நடுவில் கொஞ்ச நாள் திறந்ததோடு சரி, இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே நெருஞ்சி மண்டிக் கிடக்கிறது. சறுக்கு மரத்தடியில் பாம்பு சட்டை உரித்துப் போட்டிருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். இன்னொரு தொற்று நோய் வந்தால் முதலில் பூட்டப்போவதும் அந்த இடத்தைத்தான். அதனால்தான் இந்தப் பேச்சு.

2020-இல் எது எப்போது திறந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். மார்ச் மாதம் எல்லாவற்றையும் அடைத்தார்கள். அப்போது இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் முழுசாத் தெரியாது. அதனால் அடைத்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திறந்த வரிசையைப் பாருங்கள். மே 7-ஆம் தேதி சென்னை நீங்கலாக டாஸ்மாக் கடைகள் திறந்தன. உயர் நீதிமன்றம் தடுத்தது. உச்ச நீதிமன்றம் போய் மே 16-இல் மறுபடியும் திறந்துவிட்டார்கள். பூங்காவும் விளையாட்டுத் திடலும் செப்டம்பர் 1-ஆம் தேதி திறந்தன, அதுவும் உடற்பயிற்சிக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் மட்டும். நாலு சுவருக்குள் நூற்றுக்கணக்கான பேர் உட்காரும் சினிமா கொட்டகை, பாதி இருக்கைகளோடு நவம்பர் 10-இல் திறந்தது. காற்று அடித்துக்கொண்டே இருக்கிற கடற்கரை டிசம்பர் 14-இல்தான் திறந்தது. மூச்சுக் காற்றில் பரவும் நோய்க்குக் கொட்டகை முந்தி, கடற்கரை பிந்தி!

இரண்டாவது அலையில் இன்னொரு வேடிக்கை. 2021 ஜூன் 14 முதல் 27 மாவட்டங்களில் பூங்காக்களைக் காலை 6 மணி முதல் 9 மணி வரை நடைப்பயிற்சிக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். அதே நாள், அதே மாவட்டங்களில் டாஸ்மாக் காலை 10 முதல் மாலை 5 வரை. பூங்காவுக்கு மூணு மணி நேரம், பாட்டிலுக்கு ஏழு மணி நேரம். அந்த மூணு மணி நேரமும் எந்த மூணு மணி நேரம் என்று பாருங்க. தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, மாட்டுக்குத் தீவனம் வைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, நூறு நாள் வேலைக்குக் கிளம்புகிற நேரம். எந்தப் பொம்பளை அந்த நேரத்தில் நடைப்பயிற்சிக்குப் போவாள்? யாரும் நமக்கு எதிராக அப்படி எழுதவில்லை. நம்மைக் கேட்காமல் எழுதினார்கள், அவ்வளவுதான். கேட்கிற இடத்தில் நாம் இல்லை.

சரி, நோய் எப்படிப் பரவியது? ஆரம்பத்தில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் பயந்தோம். ரூபாய் நோட்டைக்கூட டெட்டால் போட்டுக் கழுவியவர்கள் உண்டு. பிறகு தெரிய வந்தது, பெரும்பாலும் இது மூச்சுக் காற்று வழியாகத்தான் போகிறது. சமையல் கட்டில் மிளகாய் வறுத்தால் என்ன ஆகும்? ஜன்னலை அடைத்து வைத்தால் வீடே இருமும். அதே மிளகாயை வாசலில் கல் அடுப்பு மூட்டி வறுத்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கொஞ்சம் நெடி ஏறும், பத்தடி தள்ளி நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கிருமியும் அப்படித்தான். சீனாவில் 2020 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நோய் வந்த 7,324 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். மூன்று பேருக்கோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் தொற்றிய 318 நிகழ்வுகளும் கட்டடத்துக்குள், வண்டிக்குள் நடந்தவை. வெளியிடத்தில் தொற்றியதாகத் தெரிந்தது ஒரே ஒரு நிகழ்வு, அதில் இரண்டு பேர். அப்போது அங்கே குளிர்காலம், ஊரடங்கு வேறு, ஆட்கள் வெளியே வந்ததே குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் வித்தியாசம் சின்னதல்ல.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்று ஒரு ஊர். 2020 மார்ச் 10-ஆம் தேதி அங்கே ஒரு பாட்டுக் குழுவினர் 61 பேர் ஒரு கூடத்துக்குள் கூடி இரண்டரை மணி நேரம் பாடிப் பழகினார்கள். அவர்களில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கிறது. அவரோடு சேர்த்து 53 பேருக்கு நோய் வந்ததாகக் கணக்கிட்டார்கள். இரண்டு பேர் இறந்து போனார்கள். பாடினால், சத்தமாகப் பேசினால் மூச்சுக் காற்று அதிகமாக வெளியே வரும். நம் குழுக் கூட்டம் நடக்கும் அறையை நினைத்துப் பாருங்கள். இருபது பேர், ஒரு கதவு, ஒரு ஜன்னல், அதிலும் கொசுவுக்குப் பயந்து சாக்கு மாட்டியிருப்போம். வரவு செலவு வாசிக்கும்போது நாம் மெதுவாகவா பேசுகிறோம்? தொற்று நோய்க் காலத்தில் நம் கூட்டம் நடக்க வேண்டிய இடம் அந்த அறை இல்லை, பூங்காவில் இருக்கிற வேப்ப மரத்தடி.

ஜப்பான் நாட்டில் மக்களுக்கு மூன்றே வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் பேச்சில் சொன்னால் அடைப்பு, கூட்டம், நெருக்கம். காற்றோட்டம் இல்லாத அடைப்பான இடம், ஆட்கள் நெரியும் கூட்டம், முகத்துக்கு முகம் நெருக்கமான பேச்சு, இந்த மூன்றும் சேர்கிற இடம்தான் ஆபத்து. பூங்காவில் அடைப்பு கிடையாது. மிச்சம் இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும். அதை நாம் பார்த்துக்கொள்ள முடியும்.

எப்படி என்று கேட்டால், ரேஷன் கடை வாசலில் வட்டம் போட்டு அதற்குள் நின்றோமே, அதே மாதிரிதான். நியூயார்க் நகரத்தில் புரூக்ளின் பகுதியில் டோமினோ பூங்கா என்று ஒன்று. 2020 மே மாதம் அங்கே புல்தரையில் வெள்ளையாக 30 வட்டங்கள் வரைந்தார்கள். ஒவ்வொன்றும் எட்டடி அகலம், வட்டத்துக்கு வட்டம் ஆறடி இடைவெளி. ஒரு குடும்பம் ஒரு வட்டம். தினமும் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற நமக்கு இது ஒரு வேலையா? ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளம்தான் ஆறடி. சுண்ணாம்பும் ஒரு கயிறும் இருந்தால் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம்.

அதைவிட முக்கியம் நேரத்தைப் பிரிப்பது. நாள் முழுக்கத் திறந்து வைத்தால் கூட்டம் சிதறும். மூணு மணி நேரம் மட்டும் திறந்தால் எல்லாரும் அந்த மூணு மணி நேரத்தில்தான் வந்து விழுவார்கள். நேரத்தைக் குறைத்தால் நோய் குறையும் என்று நினைப்பது கணக்குப் பிசகு. ரேஷன் கடையை மாதத்தில் ரெண்டே நாள் திறந்தால் வரிசை நீளுமா, குறையுமா? ஆகவே விடிகாலையில் வயசானவர்கள், பதினோரு மணியிலிருந்து கைக்குழந்தைக்காரிகளும் கர்ப்பிணிகளும், பள்ளி விட்டதும் பிள்ளைகள், வேலை முடிந்து வருகிற நமக்கு இருட்டின பிறகு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இருட்டின பிறகு என்றால் விளக்கு எரிய வேண்டும், வாசலில் குடித்துவிட்டு நிற்கிறவர்கள் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் இல்லாமல் பெண்களுக்கு நேரம் ஒதுக்கினோம் என்று சொன்னால் அது ஏட்டுச் சுரைக்காய்.

ஊஞ்சலைச் சாக்குப் போட்டுக் கட்டி வைக்க வேண்டியதில்லை. ஊஞ்சல் சங்கிலியைத் தொட்டு நோய் வருவதைவிட, ஊஞ்சலுக்காக முண்டியடித்துக்கொண்டு பத்துப் பிள்ளைகள் மேலே விழுந்து நிற்பதில்தான் ஆபத்து அதிகம். கை கழுவத் தண்ணீரும் சோப்பும் வாசலில் இருக்கட்டும். வரிசைக்கு ஒரு பெரிய பிள்ளையைப் பொறுப்பாகப் போட்டால் போலீஸை விடக் கண்டிப்பாக இருக்கும். காய்ச்சல், இருமல் இருப்பவர் வர வேண்டாம். பக்கத்தில் நின்று பேசினால் முகக்கவசம், தனியாக நடந்தால் தேவையில்லை. ஆட்கள் மேல் மருந்து தெளிக்கிற வேலையே வேண்டாம். அது கெடுதல் என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மே மாதம் சொல்லிவிட்டது. இன்னொன்று, பூங்காவில் ஆறடி தள்ளி உட்கார்ந்துவிட்டுத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்து வந்தால் பண்ணினதெல்லாம் வீண். நடந்து போகிற தூரத்தில் ஊருக்கு ஊர் ஒரு திடல் இருந்தால் ஆட்டோவே தேவையில்லை.

பூட்டவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. 2021 காணும் பொங்கலின்போது கடற்கரைகளுக்கு மூன்று நாள் போகக் கூடாது என்று அரசு தடை போட்டது. அது சரியான முடிவு. அன்று ஒரே நாளில் லட்சக்கணக்கில் கூடுகிற கூட்டத்துக்கு எந்த வட்டமும் தாங்காது. நம் ஊர் ஆற்றங்கரையில் திருவிழா நாள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு நாள் கூட்டத்துக்காக ஒரு நாள் பூட்டலாம். மாசக்கணக்கில் பூட்டிப் போட்டால் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயா உட்கார்ந்திருக்கும்? கிணற்றுக்கும் கண்மாய்க்கும் போயின. போகாத பிள்ளை செல்போனில் விழுந்தது. பொம்பளைப் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம், வாசலைக்கூடத் தாண்டவில்லை.

நோய்க்கு நோய் வழி வேறு என்பதையும் மறக்கக் கூடாது. டெங்கு என்றால் பூங்காவில் கிடக்கிற பழைய டயரும் தேங்காய் ஓடும்தான் எதிரி, ஆறடி தள்ளி நின்று பிரயோஜனம் இல்லை. வாந்தி பேதி என்றால் அங்கே இருக்கிற தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். எந்த நோய், எப்படிப் பரவுகிறது என்று கிராம சுகாதார செவிலியரைக் கேட்டுவிட்டுத்தான் எதைத் திறப்பது, எதை மூடுவது என்று முடிவெடுக்க வேண்டும். எல்லா நோய்க்கும் ஒரே பூட்டு ஆகாது.

திறந்த வெளியை நாம் பயன்படுத்தியதும் உண்டு. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளி 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தது. அதற்குச் சில நாள் முன்னால், அக்டோபர் 27-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. நம் குழுக்களில் இருக்கிற படித்த பெண்கள் எத்தனை பேர் சாயந்திரம் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள்! அதைச் செய்தவர்களுக்கு ஒரு பூங்காவின் நேரப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது பெரிய காரியம் இல்லை.

எனவே வருகிற கிராம சபையில் ஒவ்வொரு ஊராட்சியிலும் நம் குழுக்கள் சார்பில் ஒரு தீர்மானம் கொடுக்கப் போகிறோம். பூட்டிக் கிடக்கிற பூங்காவை, திடலைச் சுத்தம் செய்து திறக்க வேண்டும், விளக்கும் கழிப்பறையும் சரி செய்ய வேண்டும் என்பது முதல் பாதி. இன்னொரு தொற்று நோய் வந்தால் அந்த இடத்தைத் திறக்கும் நேரத்தை ஊராட்சி மகளிர் குழுக்களையும் சுகாதார செவிலியரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அடுத்த பாதி. அரசு ஆணை வந்தால் அதை மீற முடியாது. ஆனால் ஆணைக்குள் நமக்கு எந்த நேரம் வசதி என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும் வரை யாரும் எழுந்து வர வேண்டாம். எழுதியதை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சாவி இரண்டு இருக்கட்டும். ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், இன்னொன்று ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பொருளாளரிடம். தீர்மானத்தின் மாதிரி நகல் மேசையில் இருக்கிறது, ஊக்குநர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த ஊரில் பூங்கா எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பூங்காவே இல்லாத ஊர் என்றால், காலியாகக் கிடக்கிற புறம்போக்கு எங்கே இருக்கிறது, அதை யார் அனுபவிக்கிறார்கள் என்று எழுதுங்கள்.