அடைத்துத் தீராத கடன்

இன்று பட்டம் பெறும் என் பிள்ளைகளே, வெளியே வெயிலில் கைக்குழந்தைகளோடு காத்திருக்கும் தாய்மார்களைப் பார்த்துவிட்டு வந்தேன். அதனால் முறைக்கான சொற்களைத் தவிர்த்துவிடுகிறேன்.

நான் செவிலியர். வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தொழுநோயாளிகளுக்கு நடுவில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அங்கே கற்ற ஒன்றை உங்களிடம் ஒப்படைக்கவே வந்திருக்கிறேன். பிறரை நேசிப்பது கிறிஸ்தவருக்கு விருப்பப் பாடம் அல்ல. மூச்சுள்ளவரை செலுத்திக்கொண்டே இருக்க வேண்டிய கடன் அது.

இது என் சொந்தக் கருத்தல்ல. ரோமில் இருந்த திருச்சபைக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர் இதைத்தான் சொல்கிறார். வரி, தீர்வை, மரியாதை என்று யார் யாருக்கு என்ன தரவேண்டுமோ அதையெல்லாம் பாக்கியில்லாமல் தந்துவிடச் சொல்லிவிட்டு, அன்பை மட்டும் தீராத கடனாக விட்டுவைக்கிறார். கடன் கொடுத்தவர் நமக்குப் பிடித்தவரா, இன்று நம் மனநிலை எப்படி என்றெல்லாம் பார்த்து யாரும் தவணை கட்டுவதில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கும்போது நமக்குள் பொங்கும் நெகிழ்ச்சி நல்லதுதான். ஆனால் நைட் டியூட்டியில் விடியற்காலை மூன்று மணிக்கு, ஒரே நோயாளி மறுபடியும் மறுபடியும் கூப்பிடும்போது அந்த நெகிழ்ச்சி நம்மை எழுப்பிவிடாது. கடன்பட்டவள் என்ற நினைப்புத்தான் எழுப்பும்.

வேலூர் என்றதும் ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைப்பீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தது, அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு பணியைத் தொடங்கியது, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தது எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதே வேலூருக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் வந்த சில காலத்தில் செங்கல்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். மடங்கிப்போன விரல்களுடன் நின்ற ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். அந்தக் கை அவர் கையை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தது. செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கையில் இவ்வளவு பலம் இருக்கிறதே, அப்படியானால் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன என்று அந்த எலும்பு மருத்துவர் கணித்தார். நல்ல தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சை அந்தக் கணிப்பிலிருந்து வளர்ந்தது. எல்லோரும் தொடத் தயங்கிய கையை ஒருவர் தொட்டதால் ஒரு மருத்துவத் துறை பிறந்தது. தொழுநோயாளி ஒருவர் வந்து மண்டியிட்டபோது, இயேசு வார்த்தையோடு நிறுத்தாமல் கை நீட்டித் தொட்டார் என்று மாற்கு ஏன் கவனமாக எழுதி வைத்தார் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இன்னொன்றையும் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் நிறுவினார்கள். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. கிருமி நரம்பைத் தாக்குவதால் வலி தெரியாமல் போகிறது. அடுப்பிலிருக்கும் பாத்திரம் சுடுவது தெரியாது. செருப்புக்குள் கிடக்கும் கல் உறுத்தாது. தூங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பு வராது. அதனால் சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்பியவர்களிடம் பூனைக்குட்டி ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள். நோயாளியின் இரவு வரைக்கும் யோசிக்கிற அன்பு என்று இதைத்தான் சொல்வேன்.

இப்போது என் அனுபவத்துக்கு வருகிறேன். மருத்துவமனை ஜீப் வாரத்துக்கொருமுறை ஒரு கிராமத்துப் புளியமரத்தடியில் போய் நிற்கும். அங்கே ஒரு பெரியவர் வருவார். நிலக்கடலைக் கொல்லையில் கூலி வேலை பார்த்தவர். மருந்து சாப்பிட்டு நோய் குணமாகி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் வலது உள்ளங்காலில் ஒரு புண் மட்டும் ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. பிளாஸ்டர் போட்டு ஓய்வில் வைத்தால் ஆறும். வீட்டுக்குப் போனதும் மறுபடி வெடிக்கும். “இவரு சொன்ன பேச்சு கேக்கறதில்ல சிஸ்டர்” என்று இளம் செவிலியர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

புண்ணுக்குக் கட்டுப்போடும் எங்கள் டிரெஸ்ஸர் ஒருவர் மட்டும் அலுத்துக்கொண்டதில்லை. அவரும் இளமையில் அந்த நோய் கண்டு குணமானவர். விரல்கள் குட்டையாகிப் போனவர். பேசினில் தண்ணீர் ஊற்றி, பெரியவரின் காலை ஊறவைத்து, காய்த்துப்போன தோலைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவி, விரலிடுக்கெல்லாம் விரித்துப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பார். “எங்க படுக்கிறீங்க?” “மாட்டுக் கொட்டாயில.” “சோறு?” “தட்டு தனி. வாசல்ல வெச்சிட்டுப் போவாங்க.” “ராத்திரி காலைப் பாக்கறீங்களா?” “கண்ணு தெரியலையே சாமி.”

பெரியவருக்குக் கண்புரை. தன் உள்ளங்காலைத் தானே பார்க்க அவரால் முடியாது. பார்த்துச் சொல்ல வீட்டில் யாரும் பக்கத்தில் வருவதில்லை. புண் திறந்த காரணம் அதுதான். எங்கள் கேஸ் ஷீட்டில் புண்ணின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் இருந்தது. அந்த மாட்டுக் கொட்டாய் மட்டும் இல்லை.

அன்று கிளினிக் முடிந்ததும் டிரெஸ்ஸர் அந்த வீட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, “தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடும்மா” என்று மருமகளிடம் கேட்டார். அந்தப் பெண் அவர் விரல்களைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு வீட்டு டம்ளரிலேயே கொண்டுவந்தாள். அவர் பாதி குடித்துவிட்டுப் பெரியவரிடம் நீட்டினார். பெரியவர் வாய் வைத்துக் குடித்து மிச்சம் வைத்ததை வாங்கி டிரெஸ்ஸரே குடித்து முடித்தார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. இந்த நோய் இவரிடமிருந்து இனி யாருக்கும் ஒட்டாது என்பதை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மாமனாரின் காலை எப்படிப் பார்க்க வேண்டும், சிவப்பு எங்கே தெரியும், சூடு எங்கே இருக்கும் என்று காட்டிக்கொடுத்தார். முதலில் அவள் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தாள். சில மாதங்கள் கழித்து நாங்கள் போனபோது, அவளே தண்ணீர் மொண்டு அந்தக் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டில் திண்ணைக்கு வந்திருந்தது. புண் மூடிவிட்டது, நான் பணி மாறும்வரை அது திறக்கவில்லை. டிரெஸ்ஸர் அந்த வீட்டுக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

கால் கழுவுவது என்றால் நமக்குப் பெரிய வியாழன் நினைவுக்கு வரும். தாம் மரிப்பதற்கு முந்தின இரவு இயேசு இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். யூதாஸ் எழுந்து வெளியே போனது அதற்குப் பிறகுதான். காட்டிக்கொடுக்கப் போகிறவனுடைய கால்களையும் அவர் கழுவினார் என்று யோவான் எழுதிய சுவிசேஷத்திலிருந்து தெரிகிறது. உங்களைத் திட்டுகிற நோயாளி, உங்கள் மேல் பழி போடுகிற உடன்பணியாளர், நன்றி சொல்லாத குடும்பம் எல்லோரும் அந்தக் கடன் கணக்கில் உண்டு. பத்துத் தொழுநோயாளிகள் சுகமான கதையில் நன்றி சொல்லத் திரும்பியவர் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை இயேசு திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நம் மருத்துவமனைகள் இதை நினைவில் வைக்க வேண்டும். நம்மிடம் சுகம் பெறுகிறவர் நம் நம்பிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு வகை விலைதான். அன்புக்கு விலை வைக்க நமக்கு உரிமை இல்லை.

என் மாணவப் பருவத்தில் எங்களுக்கு ஒரு வார்டு சிஸ்டர் இருந்தார். 1970களில் அவர் பெயரைக் கேட்டாலே விடுதியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். காலையில் வார்டுக்குள் வந்ததும் சார்ட்டை எடுக்க மாட்டார். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியைப் புரட்டி முதுகையும் குதிகாலையும் பார்ப்பார். தோல் சிவந்திருந்தால் அன்று எங்கள் கதி அவ்வளவுதான். மாலை ஜெபக் கூட்டத்தில் நாங்கள் உருகி உருகிப் பாடுவதைக் கேட்டுவிட்டு, “நல்லாப் பாடினீங்க. எட்டாம் பெட் பாட்டியை ரெண்டு மணிக்குத் திருப்பிப் போட்டது யாரு?” என்று கேட்பார். அன்பு முதுகுப் புண்ணில் தெரியும், பாட்டில் அல்ல என்பது அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வேத பாடம்.

ஆயுள் முழுவதும் என்கிறேனே, அதற்கும் சாட்சிகள் உண்டு. வேலூரில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை முன்னின்று நடத்தினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். பால் பிராண்டின் தாயார் ஈவ்லின், கணவரை 1929இல் கொல்லிமலைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். மிஷன் பணியிலிருந்து ஓய்வு கொடுத்த பிறகு மறுபடியும் மலையேறினார். 1974இல், 95ஆம் வயதில் மரிக்கும்வரை மலைமக்களோடு இருந்தார். ஓய்வூதியம் வாங்கும் எனக்கு இந்த அம்மையாரை நினைத்தால் வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை.

சில எண்களையும் கேளுங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. மருந்து இலவசம். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். 2005இல் தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்தது. அதோடு பலர் கதையை முடித்துவிட்டார்கள். ஆனால் உலகில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளிகள் சட்டத்தை நீக்க 2016 வரை ஆனது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற நிலை 2019இல்தான் மாறியது. இந்தச் சட்டங்கள் திருந்திவிட்டன, மருந்து கிடைத்துவிட்டது. ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்க மட்டும் எந்த அரசாணையாலும் வைக்க முடியாது. அந்த மிச்ச வேலை நம்முடையது.

நல்ல சமாரியன் கதையில் நாம் அடிக்கடி விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. அவன் காயம் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். முதல் உதவி பலரும் செய்வார்கள். திரும்பி வருகிறேன் என்று சொல்லி வருகிறவர்தான் பிறன் ஆகிறார்.

நிர்வாகத்தினர் முன்னிலையிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊழியம் என்ற பெயரைச் சொல்லிச் செவிலியருக்குக் குறைந்த சம்பளம் கொடுப்பது அன்பு ஆகாது. கூலிக்காரனின் கூலியை நிறுத்தி வைப்பதை யாக்கோபு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று வேதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, நியாயமான ஊதியத்தைத் தலை நிமிர்ந்து கேளுங்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் ஆயாவுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்களில் பலர் லண்டனுக்கும் வளைகுடாவுக்கும் போவீர்கள். போய் வாருங்கள், குடும்பத்தைத் தூக்கி நிறுத்துங்கள். அங்கேயும் பிள்ளைகள் வந்து பார்க்காத முதியவர்கள் படுத்திருப்பார்கள். அவர்களுக்கும் நீங்கள் கடனாளிகள். இங்கே கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் பட்டம் வாங்குகிறீர்கள். என் வேதத்தின் மொழியில் நான் பேசினேன். இந்தக் கடனை உங்கள் வீட்டிலும் வேறு சொற்களில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். செலுத்த வேண்டிய இடம் ஒன்றுதான்.

முதல் நாள் டியூட்டிக்குப் போனதும் உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரின் காலையும் தொட்டுப் பாருங்கள். வீட்டில் யாரோடு இருக்கிறீர்கள், யார் சோறு போடுகிறார்கள் என்று கேளுங்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொன்னால் போங்கள். அதற்கு மறுநாளும் போங்கள்.