அடைத்த கதவும் திறந்த ஏடும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊராட்சி மன்றமும் நகரசபையும் கதவடைத்துக் கூடும் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைக் குடிமக்கள் காணலாமா என்பதே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள். இது வழக்கறிஞர்க்கே உரிய பொருளென்று நீவிர் எண்ணுதல் கூடும். அற்றன்று. தெருவிளக்கு எங்கே நடுவதென்பதும், குளத்து மீன் குத்தகை எவர்க்கென்பதும், சுடுகாட்டுக்குப் பாதை விடுவதும் விடாமையும் அவ்வேட்டின் பக்கங்களில்தான் முடிவாகின்றன. ஆதலின் அஃது ஊரார் எல்லாருடைய குடும்பக் கணக்கேடு போன்றதாகும்.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்வோம். எல்லாக் கூட்டங்களையும் எல்லார் முன்னிலையிலும் நடத்துதல் இயலாது. ஊழியர் ஒருவர்மேல் எழுந்த குற்றச்சாட்டை ஆராயும்போதும், வழக்கொன்றைப் பற்றி வழக்கறிஞரோடு கலந்து பேசும்போதும், நிலம் வாங்குமுன் எத்துணை விலை கொடுக்கலாமெனத் தமக்குள் உறுதி செய்யும்போதும் கதவை அடைத்தல் முறையே. விலையை முன்னரே பறையறைந்தால் நட்டம் ஊர்ப் பணத்துக்கன்றோ? கதவோடு ஏட்டையும் என்றைக்கும் அடைத்துவிடுதலையே யாம் மறுக்கின்றோம். நிலம் வாங்கியாயிற்று, பத்திரமும் பதிவாயிற்று. அதன்பின் அவ்விலை எவ்வாறு முடிவாயிற்று என்பதை மறைத்தற்கு நியாயம் யாது?

இவ்வினாவைப் பிரிட்டன் தேசத்தார் படிப்படியாகத் தீர்த்த வரலாறு நமக்குப் பாடமாகும். வேல்ஸ் நாட்டுத் தென்பி என்னும் சிறு நகரத்தின் மன்றம், உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரைக் கூட்டத்தினின்றும் விலக்கிற்று. வழக்கு நீதிமன்றம் சென்றது. மன்றக் கூட்டத்தில் இருப்பதற்குப் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்க்கும் உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று. அதன் பயனாக, 1908ஆம் ஆண்டிலேயே பத்திரிகையாளரை அனுமதிக்கும் சட்டம் பிறந்தது. பொதுமக்களோ 1960 வரை காத்திருந்தனர். பின்னாளில் பிரதம மந்திரியாகிய மார்கரெட் தாச்சர் அம்மையார், பாராளுமன்றத்திற்குப் புதியவராயிருந்தபோது தனி உறுப்பினர் மசோதாவாகக் கொணர்ந்தது அவ்வாண்டுச் சட்டம். கூட்டம் திறந்திருத்தல் வேண்டும், அடைப்பதாயின் காரணங்காட்டித் தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும் என்பது அதன் சாரம்.

ஏட்டைப் பற்றிய குறையை 1985ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. நடவடிக்கைக் குறிப்புகள் 6 ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு இருத்தல் வேண்டுமென அது விதித்தது. அம்மட்டோ? கதவடைத்த பகுதியின் குறிப்பை நீக்கியதனால் எஞ்சியது பொருள் விளங்காது போமாயின், மறைபொருளை வெளியிடாமலே நடந்ததை நடுநிலையோடு உணர்த்தும் சுருக்கமொன்றை உரிய அதிகாரி எழுதிவைத்தல் வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இவ்விதியின் நுட்பத்தை நோக்குமின். மறைத்தற்குரியதை மறைக்க இடமுண்டு. கூடினோம், இன்னது பற்றி முடிவு செய்தோம் என்பதையே மறைக்க இடமில்லை.

நம் நாட்டில் நிகழ்ந்தது யாது? இராஜஸ்தானத்துக் கிராமங்களில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பினர், கூலிப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் காட்டுமின் என்று கேட்டனர். 1994 முதல் அக்கணக்குகளை ஊரார் நடுவே உரக்கப் படித்து விசாரித்தனர். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் மறியலிருந்தனர். எழுத்தறியாத கூலியாட்கள் எழுதிய ஏட்டைக் கேட்டமை வியப்பன்று. அவர்தம் பெயர் அதிலே எழுதப்பட்டிருந்தது. இத்தகைய முயற்சிகளின் விளைவாகவே 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அலுவலகமும் தன் குழுக்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் குறிப்புகளை மக்கள் பெறலாமா என்பதைத் தானாகவே வெளியிடுமாறு பணிக்கின்றது. 8ஆம் பிரிவு விலக்குகளைக் கூறுகின்றது. தனிமனிதர் விவரம் பற்றிய விலக்கை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரிவாக்கிற்று. எனினும், மறைப்பதனால் காக்கப்படும் நலனினும் பொதுநலன் மிகுமாயின் வெளியிடலாம் என்னும் விதி அப்பிரிவிலேயே உண்டு. மறைக்க வேண்டிய வரிகளை நீக்கி எஞ்சியதைத் தருக என்பது 10ஆம் பிரிவு. மந்திரிசபையின் முடிவுகளும் காரணங்களுங்கூட, காரியம் முற்றுப்பெற்றபின் ஏனைய விலக்குகளுக்கு உட்பட்டு வெளியிடத் தக்கவை என்கின்றது அச்சட்டம். மந்திரிசபைக்கே அவ்விதியாயின், குழாய் பதிக்கும் நகரசபைக்கு அதனினும் பெரிய இரகசியம் ஏது?

நம் முன்னோர் வரலாற்றிலும் இதற்கோர் ஒளி உண்டு. முதற் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், குடத்தினின்றும் எடுத்த ஓலையை விரல் விரித்த உள்ளங்கையில் வாங்கி அவை கேட்கப் படித்தல் வேண்டுமென்றும், வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதார் மீண்டும் பொறுப்பேற்றல் ஆகாதென்றும் கூறுகின்றன. அச்சபை நிலமுடைய அந்தணர்க்கே உரியதாயிருந்தது. ஊரார் அனைவர்க்கும் உரியதன்று. இன்று ஊர் அனைவர்க்கும் உரியதாயிற்று. கணக்குக் காட்டும் கடமையும் அதற்கேற்ப வளர்தல் வேண்டாவோ?

சாதிச் சங்கத்து மேடையில் இதனைச் சொல்லக் காரணமுண்டு. ஏடு வாய்மூடியவிடத்து வதந்தி வாய் திறக்கும். நம் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வாராதொழியின், மேலைத் தெருவார் தடுத்தனர் என்கின்றோம். அவர் தெருவுக்கு வாராதொழியின், நம்மவர் தடுத்தனர் என்கின்றனர் அவர். உண்மையில் பணம் போதாமையால் நின்றிருக்கலாம். ஒப்பந்தக்காரர் வாராமையால் நின்றிருக்கலாம். நம்மவரே கையெழுத்திட்டுத் தள்ளியிருத்தலுங் கூடும். ஏட்டைக் காணாமல் எவரே அறிவார்? காணாத ஏட்டின்பொருட்டு இரு தெருவாரும் பகை வளர்த்தல் பேதைமையன்றோ? ஏடு திறந்தால் நம்மவர் செய்ததும் வெளிப்படும். அதனைத் தாங்கும் நெஞ்சுரமும் நமக்கு வேண்டும். நம்மவர் என்பதற்காக ஏட்டை மூடுமின் என்போமாயின், பிறர் மூடுங்கால் கேட்கும் வாயை நாமே இழந்தோமாவோம்.

செய்யவேண்டுவது எளிது. நம் மாநிலத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதுமின். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளார்க்கு அதுவும் இல்லை. காரணம் கூறவேண்டுவதில்லை. கூட்ட நாளையும் பொருளையும் குறித்து, நிறைவேறிய தீர்மானத்தையும் தொகையையும் கேண்மின். பிறர் சொந்த விவரத்தைக் கேளாதொழிமின். 30 நாளில் விடை வருதல் வேண்டும். மறுப்பின் காரணத்தை எழுதித் தருதல் வேண்டும். மறுத்தாலும் விடை வாரா தொழிந்தாலும் 30 நாளுக்குள் மேலதிகாரியிடம் முறையீடும், அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தினிடம் முறையீடும் உண்டு. தக்க காரணமின்றித் தாமதிக்கும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாயாக, 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடமுண்டு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எழுதப் படிக்கக் கற்ற இளைஞர் இருவர் திங்கள்தோறும் நகரசபைத் தீர்மானங்களைப் பெற்று இச்சபையில் படித்தல் வேண்டும். மேலைத் தெருவாரையும் அழைத்துப் படித்தல் அதனினும் நன்று. நம் சங்க நிருவாகக் குழுவின் குறிப்பேட்டையும் ஆண்டுக்கொருமுறை உறுப்பினர் முன் வைத்தல் வேண்டும். பிறரிடம் கேட்பதை நாமும் கொடுத்தலே முறை. இவ்விரண்டனையும் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களை வேண்டி அமைகின்றோம்.