நிலாப் பட்டம்

1989இல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்த 50 காசு நாணயம் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். அதிலுள்ள உருவம் கிளந்தானில் பெயர்பெற்ற 'வாவ் பூலான்' பட்டம். மலேசிய விமான நிறுவனத்தின் சின்னத்திற்கும் வாவ் பட்டமே மூலம்.

கீழ்ப்பகுதி பிறைபோல் வளைந்திருப்பதால் அது நிலாப் பட்டமாயிற்று. பிளந்து சீவிய மூங்கில் இருபுறமும் ஒத்த எடையுடன் இருத்தல் வேண்டும். சிறிது பிசகினாலும் பட்டம் ஒருபக்கம் சாயும். அதன்மீது தாளொட்டி, வண்ணத்தாளில் பூங்கொடிகளை வெட்டிப் பதிப்பர். பால்மரம் சீவும் உங்களுக்குக் கத்தியின் நுட்பத்தை நான் விளக்க வேண்டுமா?

அவ்வளைவை வடிவமைப்பாளர் சில நிமிடங்களில் வரைந்துகொள்ளலாம். மூங்கிலின் எடையறிந்த விரல்களை வரைந்துகொள்ள இயலாது. பட்டம் விலைபோகாவிடில் கைவினைஞரின் மகன் வேறு வேலை தேடிச் செல்வான். கோத்தா பாரு பக்கம் செல்வோர், அச்சடித்த படத்தை விடுத்து, செய்தவரிடமே ஒரு பட்டம் வாங்குங்கள்.