உயரமும் கணக்கும்



என் ஊர் மண்ணச்சநல்லூர். பெயரைச் சொன்னவுடன் உங்களுக்கு அரிசி நினைவிற்கு வரும். எங்கள் ஊர் அரவை ஆலைகளில் ‘இன்று எத்தனை மூட்டை நெல் அரைத்தீர்கள்?’ என்று கேட்பதோடு எவரும் நிற்பதில்லை. ‘மூட்டைக்கு எவ்வளவு அரிசி கண்டது?’ என்பதே அடுத்த கேள்வி. அரைத்த மூட்டைகளின் எண்ணிக்கை உழைப்பைக் காட்டும். கண்ட அரிசியே பயனைக் காட்டும். இக்கேள்வியைக் கூடைப்பந்து ஆட்டத்தில் கேட்கத் தவறியதால், நான் ஒரு மாணவனுக்குத் தீங்கு செய்தேன். அதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது, பதினோராம் வகுப்பில் மிக உயரமான பையன் ஒருவன் படித்தான். கூடைப்பந்து வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பது. அவன் ஒரு துள்ளலில் அதைத் தொட்டுவிடுவான். ஆயினும், ஆட்டத்தில் வளையத்தை அணுகவே மாட்டான். தொலைவில் நின்றே எறிவான், பெரும்பாலும் தவறும். ஒரு நாள் காரணம் கேட்டேன்.

“ஐயா, கிட்டே நின்று போட்டால் உயரத்தால்தானே போட்டான் என்பார்கள். சென்ற ஆண்டு நீங்களே சொன்னீர்கள்” என்றான்.

காலைக் கூட்டத்தில், ‘இது உன் உயரத்தின் வெற்றி, உன் திறமையின் வெற்றி எப்போது?’ என்று நான் வேடிக்கையாகக் கூறியது நினைவுக்கு வந்தது. நான் மறந்துவிட்டேன், அவன் மறக்கவில்லை.

அடிப்படையில் நான் கணக்கு ஆசிரியன். ஆதலால் சுண்ணக்கட்டியை எடுத்து, ஆடுகளத் தரையிலேயே கணக்கெழுதினேன். வளையத்தின் அருகிலிருந்து 10 முறை எறிந்து 6 விழுந்தால், இரண்டிரண்டாக 12 புள்ளிகள். நடுத்தொலைவிலிருந்து 10 எறிந்து 4 விழுந்தால் 8 புள்ளிகளே. 6.75 மீட்டர் வளைகோட்டுக்கு அப்பாலிருந்து எறிந்தால் மும்மூன்று புள்ளிகள். 10க்கு 3 விழுந்தால் 9, நான்கு விழுந்தால் 12. ஆகவே தொலைவீச்சு தவறன்று. ஆனால் 10க்கு நான்கு விழும் அளவிற்குக் கை பழகும் வரை, அதன் இடம் பயிற்சி நேரம், போட்டி நேரமன்று. மேலும், உயரமானவன் வெளியே போய்விட்டால், தவறித் திரும்பும் பந்தை வளையத்தின் கீழ் நின்று பற்றுவார் யார்?

அமெரிக்க வீரர் வில்ட் சேம்பர்லினின் வரலாற்றையும் அவனுக்குச் சொன்னேன். ஏழடியைத் தாண்டிய உயரம் அவருக்கு. 1961-62ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி 39.5 முறை எறிந்தார், 50.4 புள்ளிகள் எடுத்தார். எறிந்தவற்றில் நூற்றுக்கு 50.6 விழுந்தன. ஆனால் வாகை வேறோர் அணிக்குப் போயிற்று. 1966-67இல் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம், எறிவதைக் குறைத்துத் தோழர்களுக்குப் பந்தைத் தருமாறு பணித்தார். எறிதல் 14.2 ஆகக் குறைந்தது, புள்ளிகளும் 24.1 ஆயின. ஆனால் நூற்றுக்கு 68.3 விழுந்தன. அவருடைய பிலடெல்பியா அணி 81 ஆட்டங்களில் 68இல் வென்று, அவ்வாண்டின் வாகையையும் சூடிற்று. மூட்டை குறைந்தது, மூட்டைக்குக் கண்ட அரிசி கூடிற்று!

அதே சேம்பர்லின் ஓரிடத்தில் தவறவும் செய்தார். உயரமான வீரரை வளையத்தருகே முறைகேடாகத் தடுப்பார்கள். அதற்கு ஈடாகத் தனி எறிகள் கிடைக்கும். 1962 மார்ச் 2ஆம் நாள் அவர் தனியொருவராக 100 புள்ளிகள் எடுத்தார் அல்லவா? அன்று 32 தனி எறிகளில் 28 விழுந்தன. இரு கைகளாலும் பந்தைத் தாழப் பிடித்து, கீழிருந்து மேலாக எறியும் முறையில் எறிந்தார். பிற்காலத்தில், அம்முறை நகைப்புக்கிடமாகத் தோன்றுகிறதே என்று நாணி அதைக் கைவிட்டார். வாழ்நாள் முழுமைக்கும் கணக்கிட்டால், அவருடைய தனி எறிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 51 தாம் விழுந்தன. கணக்கு அவருக்குத் தெரியாமலில்லை. நாணம் கணக்கை வென்றுவிட்டது.

இதைக் கேட்டதும் பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் நானும் வெட்கப்பட்டுத்தான் வெளியே நின்றேனா, ஐயா?” என்றான். “வெட்கம் உன்னுடையது, அதை உனக்குக் கொடுத்தவன் நான்” என்றேன்.

மறுநாள் முதல், அவன் எறிந்த ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பேட்டில் ஆடுகளப் படம் வரைந்து குறித்தோம். விழுந்தால் வட்டம், தவறினால் பெருக்கல் குறி. முதற்பக்கத்தில் வெளியெங்கும் பெருக்கல் குறிகள். வாரங்கள் செல்லச் செல்ல, வளையத்தருகே வட்டங்கள் நெருங்கின. இடித்துத் தள்ளும் இருவருக்கு நடுவே பந்தைப் பற்றித் திரும்பவும், இடக்கையால் பலகையில் தட்டி இறக்கவும் பழகினான். அருகில் நின்று ஆடுவதற்கும் எத்துணைத் திறமை வேண்டும் என்பதை அப்போதுதான் நானும் கற்றேன்.

மாணவர்களே! உங்களுள் ஒருவனுக்கு உயரம் வாய்த்திருக்கலாம். வேறொருவனுக்கு நினைவாற்றலோ நல்ல குரலோ வாய்த்திருக்கலாம். இயல்பாய் வாய்த்ததைப் பயன்படுத்த நாணாதீர்கள். எறியுமுன், ‘இவ்விடத்திலிருந்து எனக்கு எத்தனை விழும்?’ என்று கேளுங்கள். ‘பார்ப்பவர் என்ன சொல்வார்?’ என்று கேளாதீர்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: பிள்ளைகளிடம் வேடிக்கை பேசுமுன் சற்றே எண்ணிப் பாருங்கள்.

அந்தக் குறிப்பேடு இன்றும் என் மேசையில் இருக்கிறது. அதன் முதற்பக்கத்துப் பெருக்கல் குறிகளில் பாதி என்னுடையவை.